விலகி நின்றவரும் விலக்காத இல்லமும்: கவிஞர் ஹோல்டர்லினின் வாழ்வில் சமூக விலகல்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானியக் கவிஞர் பிரீட்ரிக் ஹோல்டர்லின் (1770–1843) தம் 73 ஆண்டு வாழ்வின் பிற்பாதியை டூபிங்கன் நகரில் ஒரு தச்சரின் வீட்டில் கழித்தார். இலக்கிய வரலாறுகள் பலவும் அந்த 36 ஆண்டுகளை நோயின் காலம் என ஒரு தொடரில் சொல்லிக் கடந்து செல்கின்றன. இக்கட்டுரை அவர்தம் வாழ்வைத் தொகுத்துரைத்து, சமூக விலகல் என்பது விலகும் தனியொருவரின் இயல்பு மட்டுமன்று, அவரைச் சூழ்ந்திருப்போர் அவ்விலகலை எதிர்கொள்ளும் முறையும் அதன் ஒரு கூறே என்னும் கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஹோல்டர்லின், சமூக விலகல், மனச்சிதைவு, இல்லப் பராமரிப்பு, பருவப் பாடல்கள்.

முன்னுரை

மனிதன் கூடி வாழும் இயல்பினன் என்பது பொது விதி. அவ்விதியிலிருந்து ஒருவர் விலகும்போது, சமூகம் அதற்கு இரு பெயர்களைத் தயாராக வைத்திருக்கிறது. அவர் துறவியெனின் போற்றப்படுகிறார். அல்லரெனின் பித்தர் எனப்படுகிறார். இவ்விரண்டிலும் அடங்காத விலகல்களும் உண்டு. உளவியலார் இத்துறையில் முதற்கண் ஒரு வேறுபாட்டைக் காட்டுவர். குழு ஒருவரை ஒதுக்கி வைப்பது வேறு. ஒருவர் தாமே குழுவினின்று ஒதுங்குவது வேறு. தாமே ஒதுங்குவோரிடத்தும் காரணங்கள் பலவாகும். பழக விரும்பியும் அஞ்சி ஒதுங்குவோர் உளர். தனிமையே இனிதெனக் கொண்டு ஒதுங்குவோர் உளர். மனச்சிதைவு, மனச்சோர்வு போன்ற நோய்களால் பழகும் விழைவே குன்றி ஒதுங்குவோரும் உளர். ஜப்பானில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அறைக்குள் அடைந்து வாழும் இளைஞர் நிலையைக் குறிக்கும் ஹிகிகோமோரி என்னும் சொல் 1990களில் பரவிய பின்னர், விலகல் குறித்த ஆய்வுகள் உலகெங்கும் பெருகின.

இவ்வகைப்பாடுகள் அனைத்தும் விலகுபவரை நோக்கியே அமைந்தவை. விலகியவருக்கு உணவு கொடுப்பவர் யார், அவர் கதவைத் தட்டுபவர் யார், தட்டாமல் காத்திருப்பவர் யார் என்னும் வினாக்கள் இவற்றுள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவதற்கு ஹோல்டர்லினின் வாழ்வு தக்கதொரு களமாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

ஹோல்டர்லின் 1770ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், வூர்ட்டம்பெர்க் நாட்டில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள லவுஃபன் என்னும் ஊரில் பிறந்தார். மடத்து நிலங்களின் மேலாளராக இருந்த தந்தை, மகனுக்கு இரண்டு வயதாகும்போதே மறைந்தார். தாய் யோகன்னா 1774இல் மறுமணம் செய்துகொண்டு நியூர்ட்டிங்கன் நகருக்குக் குடிபெயர்ந்தார். மாற்றாந்தந்தையும் 1779இல் இறந்தார். ஒன்பது வயதுக்குள் இரு தந்தையரை இழந்த சிறுவனைத் திருச்சபைப் போதகராக்க வேண்டும் என்பது தாயின் உறுதியான விருப்பமாயிற்று.

அதன்பொருட்டு அவர் டெங்கண்டார்ஃப், மவுல்பிரோன் ஆகிய மடத்துப் பள்ளிகளில் பயின்று, 1788இல் டூபிங்கன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஐரோப்பிய மெய்யியலின் பெருந்தூண்களாக விளங்கிய ஹெகலும் ஷெல்லிங்கும் அங்கே அவருக்கு உற்ற நண்பர்கள். பிரெஞ்சுப் புரட்சியின் செய்திகள் அம்மூவரையும் கிளர்ந்தெழச் செய்தன. 1793இல் கல்வி முடிந்தபோது ஹோல்டர்லின் போதகர் பணியை ஏற்கவில்லை. தாயின் விருப்பத்தை மறுக்கவும் இயலாமல், நிறைவேற்றவும் இயலாமல், காலந்தாழ்த்தும் வழியையே மேற்கொண்டார். நேரே மறுக்காமல் நழுவிச் செல்லும் இப்போக்கு அவர் வாழ்வின் இறுதிவரை தொடர்வதைக் காணலாம்.

பிறர் இல்லங்களில்

போதகர் பணியை ஏற்காத கல்விமான்களுக்கு அந்நாளில் எஞ்சிய பிழைப்பு, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியப் பணியாகும். அவ்வாசிரியரின் நிலை வீட்டாருக்கும் பணியாளருக்கும் இடைப்பட்டது. வால்டர்ஸ்ஹவுசன், ஃபிராங்க்ஃபர்ட், சுவிட்சர்லாந்தின் ஹவுப்ட்வில், பிரான்சின் போர்தோ என நான்கு ஊர்களில் ஹோல்டர்லின் இப்பணியைச் செய்தார். எங்கும் மூன்று ஆண்டுகளுக்கு அவர் நிலைத்திருக்கவில்லை. இடையே யேனா நகரில் ஃபிக்டேயின் மெய்யியல் உரைகளைக் கேட்டும் ஷில்லரின் ஆதரவைப் பெற்றும் இருந்தவர், 1795இன் இடைப்பகுதியில் திடுமென அந்நகரை விட்டு நீங்கினார்.

1796இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் வங்கியாளர் கோன்டார்டின் இல்லத்தில் பணியேற்றார். அவ்வில்லத் தலைவி சுசெட்டுக்கும் அவருக்கும் இடையே ஆழ்ந்த அன்பு மலர்ந்தது. அவர் எழுதிய ஹைப்பீரியன் புதினத்தில் தியோதிமா என்னும் பாத்திரமாக நிற்பவர் சுசெட்டே. 1798 செப்டம்பரில் அவர் அவ்வில்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அருகிலிருந்த ஹோம்பர்க் நகரில் நண்பர் சிங்க்ளேரின் துணையோடு தங்கி, மறைவாகக் கடிதங்கள் பரிமாறிவந்தார். 1800ஆம் ஆண்டுக்குப் பின் இருவரும் சந்திக்கவில்லை.

1802 ஜனவரியில், குளிர்காலத்தில் பிரான்சைக் கடந்து போர்தோ சென்றடைந்த அவர், சில மாதங்களிலேயே அப்பணியையும் விட்டுத் திரும்பினார். அவ்வாண்டுக் கோடையில் ஊர் வந்து சேர்ந்தவரைக் கண்ட நண்பர்கள், உருவும் நடத்தையும் மாறியிருந்ததை அறிந்து திடுக்கிட்டனர். அதே கோடையில், ஜூன் 22ஆம் நாள், சுசெட் இறந்தார். இவ்விழப்பே நோய்க்குக் காரணம் என எளிதாக முடிவுகட்டுதல் தகாது. திரும்பும் பயணத்தின்போதே அவர் நிலை தடுமாறியிருந்ததாகக் கருத இடமுண்டு.

நிலைகுலைந்த இக்காலத்திலும் அவர் படைப்பாற்றல் குன்றவில்லை. அவருடைய பெருங்கவிதைகள் சில இவ்வாண்டுகளில் எழுதப்பட்டவையே. சோபோகிளிசின் இரு நாடகங்களை அவர் மொழிபெயர்த்து 1804இல் வெளியிட்டார். கிரேக்கத் தொடரமைப்பை ஜெர்மானிய மொழியில் அவ்வாறே ஏற்றிய அம்மொழிபெயர்ப்பை அக்கால அறிஞர்கள் எள்ளி நகையாடினர்.

231 நாட்கள்

1804இல் சிங்க்ளேர் அவரை மீண்டும் ஹோம்பர்க்குக்கு அழைத்துச் சென்று அரண்மனை நூலகராகப் பணியமர்த்தினார். அவ்வூதியத்தைச் சிங்க்ளேரே தம் வருவாயிலிருந்து கொடுத்துவந்தார். மறு ஆண்டில், வூர்ட்டம்பெர்க் ஆட்சியாளருக்கு எதிராகச் சதி செய்தார் என்னும் குற்றச்சாட்டில் சிங்க்ளேர் கைதானார். ஹோல்டர்லினும் வழக்கினுள் இழுக்கப்படக்கூடும் என்னும் நிலை எழுந்தபோது, அவர் மனம் பிறழ்ந்தவர் என்று மருத்துவர் அளித்த அறிக்கை அவரைக் காத்தது. ஒரு மனிதரை வழக்கிலிருந்து விடுவித்த அதே சொல், அவரைச் சமூகத்திலிருந்தும் விடுவித்துவிட்டது என்பது இங்கே கருதத்தக்கது.

1806இல் ஹோம்பர்க் சிற்றரசு தன் தன்னாட்சியை இழந்தது. இனித் தம்மால் அவரைப் பேண இயலாது எனச் சிங்க்ளேர் தாய்க்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 11ஆம் நாள் ஹோல்டர்லின் வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றப்பட்டார். தம்மைக் கடத்திச் செல்கின்றனர் என்றஞ்சி வழியெல்லாம் போராடினார்.

டூபிங்கனில் மருத்துவர் ஆட்டன்ரீத் நடத்திய புதிய மருத்துவமனையில் அவர் 231 நாட்கள் வைக்கப்பட்டிருந்தார். மனநோயாளர் அலறாதிருக்க முகத்தில் பூட்டும் தோலுறை ஒன்றை வடிவமைத்தவர் ஆட்டன்ரீத். பெல்லடோனா, டிஜிடாலிஸ் போன்ற வீரிய மருந்துகள் கவிஞருக்குக் கொடுக்கப்பட்டன. 1807 மே மாதம், குணமாக்க இயலாதவர் என்றும் கூடிப்போனால் மூன்றாண்டுகள் உயிர்வாழ்வார் என்றும் கணிக்கப்பட்டு அவர் வெளியே அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37.

தச்சரின் இல்லம்

அவரை ஏற்றுக்கொண்டவர் எர்ன்ஸ்ட் சிம்மர் என்னும் தச்சர். உறவினரோ பழைய நண்பரோ அல்லர், ஒரு வாசகர். ஹைப்பீரியன் புதினத்தைப் படித்து மகிழ்ந்திருந்த அவர், அதை எழுதியவர் மருத்துவமனையில் கிடப்பதறிந்து சென்று கண்டார். இத்தகைய உள்ளம் அழிந்துபோவதா என்று வருந்தினார். மருத்துவமனையால் இனி ஆவதொன்றில்லை என்ற நிலையில் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நெக்கர் ஆற்றை ஒட்டிய பழைய நகர மதிலின் கோபுரம் ஒன்று அவ்வீட்டோடு இணைந்திருந்தது. அக்கோபுரத்தின் வட்ட அறை கவிஞருக்கு ஒதுக்கப்பட்டது. சன்னல்களின் வழியே ஆறும் பள்ளத்தாக்கும் தொலைவிலுள்ள மலைத்தொடரும் தெரியும். மூன்றாண்டு எனக் கணிக்கப்பட்டவர் அங்கே 36 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதனை அருட்செயலாக மட்டும் காண்பது முழுமையாகாது. கவிஞரின் உணவுக்கும் உறையுளுக்கும் உரிய தொகையைக் குடும்பம் செலுத்திவந்தது. அரசின் உதவித்தொகையும் இருந்தது. சிம்மர் கணக்கோடு சேர்த்துக் கவிஞரின் நலன் குறித்த கடிதங்களையும் தாய்க்கு அனுப்பிவந்தார். அக்கடிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் தலையாயவை. உண்பது, உறங்குவது, இசைப்பது, சினங்கொள்வது, உடல் நோயுறுவது என அன்றாட வாழ்வே அவற்றில் பேசப்படுகிறது. சினம் மூளும் நாட்கள் இருந்தன. அறையில் ஓயாது மேலும்கீழும் நடக்கும் இரவுகளும் இருந்தன. அவற்றையும் சிம்மர் மறைக்கவில்லை.

1812 ஏப்ரலில் சிம்மர் எழுதிய கடிதம் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுகிறது. ஒரு கோயிலின் வரைபடத்தைக் கண்ட கவிஞர், அதனை மரத்தில் செய்துதருமாறு தச்சரைக் கேட்டார். உணவுக்காக உழைக்க வேண்டிய தமக்கு அதற்கு நேரமில்லை என்றார் தச்சர். அது கேட்டுத் தாம் இரங்கத்தக்க மனிதர் என்று கூறிய கவிஞர், அக்கணமே ஒரு பலகையில் பென்சிலால் நான்கடிப் பாடல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மனித வாழ்வின் வேறுபட்ட பாதைகளையும், இங்குக் குறைவுபட்டது வேறோரிடத்தில் நிறைவுறும் என்னும் நம்பிக்கையையும் அப்பாடல் பேசுகிறது. கேட்டலும் மறுத்தலும் கொடுத்தலும் அமைந்த இந்நிகழ்ச்சியில் உறவின் எல்லாக் கூறுகளும் உள்ளன. முற்றிலும் விலகிய ஒருவரிடம் இது நிகழ்ந்திராது.

பணிவு என்னும் மதில்

இதற்கு மாறான சித்திரத்தைப் பார்வையாளர்கள் தருகின்றனர். 1822 முதல் அவரைக் காணவந்த இளங்கவிஞர் வைப்லிங்கரும், பின்னாளில் வந்த பிறரும், ஏறத்தாழ ஒரே காட்சியைப் பதிவு செய்துள்ளனர். கதவு திறந்ததும் கவிஞர் மீண்டும் மீண்டும் குனிந்து வணங்குவார். வந்தவர் எளிய மாணவராயினும் மாமன்னர் என்றும் புனிதத் தந்தை என்றும் உயர்பட்டங்களால் விளிப்பார். வினாக்களுக்குப் பொருள் விளங்காத சொற்களால் விடையளிப்பார். ஆம் என்றும் இல்லை என்றும் ஒருங்கே பொருள்படும்படி பல்லக்ஷ் என்னும் சொல்லொன்றைத் தாமே உருவாக்கி வைத்திருந்தார். விரைவில் வந்தவர் சோர்ந்து விடைபெறுவார்.

இந்நடத்தையை வைப்லிங்கர் சிதைவின் அடையாளமாகக் கண்டார். எனினும் அதன் பயன் யாது என வினவினால் வேறொன்று புலப்படும். மிகையான பணிவு வந்தவரை எட்டவே நிறுத்துகிறது. அரசரோடு யாரும் தோள்மேல் கைபோட்டுப் பேச இயலாது. எனவே வந்தவரை அரசராக்கிவிட்டால் அவர் நெருங்க மாட்டார். சுவரில்லாத அறையில் வாழ்பவர் சொற்களால் கட்டிக்கொண்ட சுவராக அப்பட்டங்களைக் கொள்ளலாம். இங்ஙனம் கூறுவது நோயை மறுப்பதாகாது. நோயுற்றவரின் செயலுக்கும் நோக்கம் இருக்கக்கூடும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

அன்றியும் பார்வையாளர்கள் தங்கியது ஒரு மணிப்பொழுது. சிம்மர் குடும்பம் உடனிருந்தது 36 ஆண்டுகள். காட்சிப்பொருளாக்கப்படும் நேரத்தில் ஒருவர் நடந்துகொண்ட முறையே அவர்தம் முழு வாழ்வாக எழுதப்பட்டுவிட்டது. வீட்டில் அவர் பியானோ வாசித்தார். ஒரே எளிய இசைத்தொடரை நெடுநேரம் திரும்பத்திரும்ப இசைத்தார். ஹைப்பீரியன் நூலைத் தமக்குத்தாமே உரக்கப் படித்தார். அவ்வீட்டில் வாடகைக்கிருந்த மாணவரோடு ஓரளவு பழகினார். இவை பார்வையாளர் குறிப்புகளில் ஓரஞ்சாரமாகவே இடம்பெறுகின்றன.

பெயரும் பருவமும்

காணவருவோர் ஒரு பாடல் வேண்டினால் கவிஞர் உடனே நின்றவாறே எழுதிக் கொடுப்பார். கோபுர அறையில் எழுதியவற்றுள் ஏறத்தாழ 50 பாடல்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் இறுதியாண்டுகளுக்குரியவை பெரும்பாலும் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் ஆகியவற்றைப் பாடுவன. பலவற்றின் அடியில் ஸ்கர்தனெல்லி என்னும் பெயரில் பணிவுடன் ஒப்பமிட்டு, 1648 என்றும் 1940 என்றும் தாம் வாழாத ஆண்டுகளைக் குறித்தார். இறுதிக் காலத்தில் தம் அச்சிட்ட கவிதைத் தொகுப்பைக் காட்டியபோது, பாடல்கள் தம்முடையவையே, ஆனால் ஹோல்டர்லின் என்னும் பெயர் தமதன்று என அவர் மறுத்ததாகப் பதிவுண்டு. படைப்பை ஏற்று, படைத்தவனின் பெயரை விலக்கியமை நுட்பமானது. தாயின் எதிர்பார்ப்பு, காதலின் இழப்பு, அரசியல் வழக்கு, மருத்துவரின் கணிப்பு ஆகிய அனைத்தும் அப்பெயரின் மேலேயே எழுதப்பட்டிருந்தன.

மொழியியலார் ரோமன் யாகப்சன் 1976இல் இணையாசிரியர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், கவிஞரின் இறுதிக்காலப் பாடலொன்றைச் சொற்சொல்லாகப் பகுத்து, பேசுவோனையும் கேட்போனையும் சுட்டும் சொற்கள் அதில் இல்லாமையை எடுத்துக்காட்டினார். உரையாடல் இயலாதுபோன ஒருவரிடம் கவிதையின் கட்டமைப்பு சிறிதும் குலையாமல் இருந்தது என்பது அவ்வாய்வின் பயன். தமிழிலக்கணக் கலைச்சொற்களால் கூறுவதாயின், அப்பாடல்களில் தன்மையும் முன்னிலையும் ஒழிந்து படர்க்கை மட்டுமே எஞ்சுகிறது. திணைக் கோட்பாட்டின் துணைகொண்டு நோக்கின், நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள் நிறைந்திருக்க, உரிப்பொருளுக்குரிய தலைமக்கள் அங்கு இல்லை. இவ்வொப்பீடு தாக்கம் பற்றியதன்று. ஒரு பண்பைத் தெளிவாகக் காண உதவும் கருவி மட்டுமே. மனிதன் என்னும் பொதுச்சொல் அப்பாடல்களில் அடிக்கடி வருகிறது. நான் என்று சொல்ல இயலாத நிலையிலும் மனிதன் என்று சொல்வதை அவர் கைவிடவில்லை.

வராத தாயும் நீங்காத லோட்டேயும்

நியூர்ட்டிங்கனுக்கும் டூபிங்கனுக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிதன்று. எனினும் தாய் 1828இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் மகனைக் காணவரவில்லை. மகனுக்கான செலவுகளைக் குறித்துவைத்தார்; துணிமணிகள் அனுப்பினார்; நேரில் வரவில்லை. மகனும் தாய்க்கு ஏறத்தாழ 60 கடிதங்கள் எழுதினார். அவை மிகச் சுருக்கமானவை; அரசவை முறையிலான பணிவு நிறைந்தவை; சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடிபவை. விலகல் இங்கு இருவழிப்பட்டது. மகனது மௌனத்துக்கு நோய் என்று பெயரிட்ட உலகம் தாயின் வாராமைக்குப் பெயர் எதுவும் இடவில்லை.

1838இல் சிம்மர் மறைந்தார். அதன்பின் கவிஞரைப் பேணும் பொறுப்பு அவர் மகள் லோட்டேயிடம் வந்தது. 1813இல் பிறந்த லோட்டே, கவிஞர் இல்லாத வீட்டை அறிந்ததே இல்லை. தாயோடு சேர்ந்து அவருடைய உணவையும் உடையையும் கவனித்துக்கொண்டார். தந்தை எழுதிய நலக்கடிதங்களைத் தாம் தொடர்ந்து எழுதினார். 1843 ஜூன் 7ஆம் நாள் இரவு கவிஞர் அமைதியாக உயிர்நீத்தபோது உடனிருந்தவர் லோட்டே. அச்செய்தியைக் கவிஞரின் தம்பிக்கு எழுதியவரும் அவரே. கவிஞரைப் பற்றிய நூல்கள் பெருகியுள்ளன. அவரைப் பேணுவதில் இளமையைச் செலவிட்ட இப்பெண்ணுக்கு அந்நூல்கள் ஒதுக்கிய பக்கங்கள் சிலவே. விலகி வாழ்வோரின் வாழ்வு பெரும்பாலும் இத்தகைய பெயரறியாத உழைப்பின் மேலேயே நிற்கிறது என்பதை ஆய்வுலகம் மறத்தலாகாது.

பிற்கால மதிப்பீடுகள்

1909இல் உளமருத்துவர் வில்ஹெல்ம் லாங்கே ஹோல்டர்லினின் நோய்வரலாற்றை நூலாக்கி, இன்று மனச்சிதைவு எனப்படும் நோயின் ஒரு வகையே அவருக்கிருந்தது என்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஹெலிங்ராத் என்னும் இளம் ஆய்வாளர் கவிஞரின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பிக்கத் தொடங்கியதும், பித்தின் விளைவு என ஒதுக்கப்பட்ட பிற்காலப் பெருங்கவிதைகள் உயர்ந்த இலக்கியமாக ஏற்கப்பட்டன. 1978இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பெர்தோ, கவிஞர் பித்தரே அல்லர், உலகினின்று தாமே ஒதுங்கியவர் என வாதிட்டார். உளமருத்துவர் அதனை மறுத்தனர்.

நோயா, தெரிவா என்னும் இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் ஒரு பொதுக் குறையை உடையர். இருவரும் கவிஞரின் உள்ளத்துக்குள்ளேயே விடை தேடினர். நோயே என்று கொண்டாலும், அதே நோயாளர் மருத்துவமனையில் 231 நாட்களில் நம்பிக்கையற்றவர் எனக் கைவிடப்பட்டார். தச்சர் இல்லத்தில் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். தெரிவே என்று கொண்டாலும், அத்தெரிவை ஏற்று இடமளிக்க ஒரு வீடு தேவைப்பட்டது. அவ்வீடு அவரைக் குணமாக்கவில்லை. குணமாக்க முயன்று வருத்தவும் இல்லை.

முடிவுரை

ஹோல்டர்லினின் வாழ்வு சமூக விலகல் பற்றி உணர்த்துவன மூன்று. விலகல் என்பது உறவின் முழு இன்மையன்று. உறவின் தொலைவை மாற்றியமைக்கும் முயற்சியாகவும் அது அமையலாம். அத்தொலைவை அளக்கும் சான்றுகள், அளப்பவர் எவ்வளவு காலம் உடனிருந்தார் என்பதைப் பொறுத்து மாறுவன. விலகியவரை இழுத்து வருதலும் கைவிடுதலும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது அவருடைய தொலைவை மதித்து அருகிலிருத்தல்.

1875இல் தீக்கிரையாகிப் பின் மீளக்கட்டப்பட்ட அக்கோபுரம் இன்று நினைவில்லமாகக் கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விலகி வாழும் ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களிடம் உளவியல் கேட்க வேண்டிய முதல் வினா, அவர் ஏன் வெளியே வருவதில்லை என்பதாக இருத்தல் கூடாது. அவரோடு நீங்கள் எவ்வாறு வாழ்ந்து வருகிறீர்கள், உங்களுக்குத் துணை யார் என்பதே அவ்வினாவாதல் வேண்டும். தச்சர் சிம்மரின் கடிதங்களும் லோட்டேயின் கடிதங்களும் அவ்வினாவுக்கு முன்னரே எழுதப்பட்ட விடைகளாகும்.